நாற்பது எம்பி

எங்கள் நேர்ப்பட்டியில் சொன்னால் சொன்னதுதான். அதற்கு உள்ளே வேறு அர்த்தம் இருக்கிறதா என்று தோண்டிக்கொண்டிருக்க எங்களுக்கு நேரம் கிடையாது. அதிலும் என் எதிர்வீட்டு அண்ணன் தம்பி மூன்று பேர் இருக்கிறார்களே, அப்பப்பா! மூத்தவர் திருவேங்கடம், அடுத்தவர் சிங்காரம், கடைசி குழந்தைவேலு. மூன்று பேருக்கும் தங்கமான மனசு. மூளைதான் கொஞ்சம்... சரி, எனக்கெதற்கு அந்த வம்பு? நான் தையற்காரன். அளவெடுத்தோமா, தைத்தோமா என்று இருக்கிறவன்.

குழந்தைவேலுவுக்கு முப்பத்தேழு வயது. போன புதன்கிழமை தரகர் ஒரு பெண்ணின் போட்டோவைக் கொண்டுவந்தார். பூங்கோதை என்று பெயர், மஸ்கட்டில் நர்ஸ். "போட்டோவுல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. ஞாயித்துக்கிழமை காலையில பதினோரு மணிக்கு வீடியோவுல வரச் சொல்லுங்க. முகம் பார்த்துப் பேசிட்டுத்தான் முடிவு சொல்வேன்" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாளாம். இதுவும் தட்டிப்போனால் இனிமேல் என்னைக் கூப்பிடாதீர்கள் என்று தரகர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். குழந்தைவேலுவோ போட்டோவைப் பார்த்ததிலிருந்து சோற்றையும் குழம்பையும் தனித்தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவ்வளவு ஆசை.

எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டி மேலே ஏறினால்தான் செல்போனுக்குச் சிக்னல். தொட்டி மேல் நின்றுகொண்டா பெண் பார்ப்பது? அதனால் வீட்டுக்கே ஃபைபர் நெட் போட்டுவிடுவது என்று முடிவாயிற்று. மூன்று கம்பெனி நோட்டீசையும் பரப்பி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்கள். ஊரில் நான்தான் கொஞ்சம் விவரமானவன்.

சிங்காரம் முதல் நோட்டீசை எடுத்தார். "அண்ணே, இவங்க முதல் மாதம் இலவசம்னு போட்டிருக்காங்க."

"முதல் மாசம் எது?" என்றார் திருவேங்கடம்.

"சித்திரை."

"இப்ப?"

"ஐப்பசி."

"போடா! பொண்ணு ஞாயித்துக்கிழமை வருது. இவங்க இலவசத்துக்காகச் சித்திரை வரைக்கும் அவளைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா?"

நியாயமான பேச்சு. நானே அந்த நோட்டீசை மடித்து ஓரமாக வைத்தேன்.

அடுத்த கம்பெனியில் நூறு எம்பி வேகம், மாதம் ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. மூன்றாவது கம்பெனியில் நாற்பது எம்பி வேகம், முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. "எம்பின்னா என்னங்க?" என்று குழந்தைவேலு கேட்டான். திருவேங்கடம் எழுந்து நின்று ஒரு எம்பு எம்பிக் காட்டினார். "இதுதான்டா எம்பி. நூறு எம்பின்னா நூறு தடவை எம்பினாத்தான் வேகம் வரும். இங்க நாப்பதோட முடிஞ்சுது."

"அட அநியாயமே! இருநூறு ரூவா கூடவும் குடுத்து, அறுபது தடவை கூடவும் எம்பணுமா? எனக்கு முட்டிவலி வேற" என்றார் சிங்காரம்.

நாற்பது எம்பிக்கே சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை தங்கதுரை என்ற பையன் வயரோடும் ரௌட்டரோடும் வந்தான். பெட்டியை மாட்டி விளக்கெல்லாம் எரியவிட்டான். போனில் சேர்த்துக்கொடுக்கலாம் என்றால் போன் குழந்தைவேலுவிடம். அவன் தரகரிடம் பேசத் தொட்டி மேல் ஏறியிருந்தான். தங்கதுரைக்கு அவசரம். "பாஸ்வேர்டு நம்ம ஊர்ப் பேருதான். இங்கிலீஷ்ல, எல்லாமே சின்ன எழுத்து. நடுவுல இடம் விடாம அடிங்க. அப்புறம், ரௌட்டரை வீட்டுக்கு நடுவுல வைங்க. சுவர் தடுத்தா சிக்னல் வராது" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டான்.

என் இஞ்சு டேப்பை வாங்கி வீட்டை அளந்தார்கள். நடு எங்கே வந்தது தெரியுமா? கூடத்துக்கும் சாமான் அறைக்கும் இடையில் இருக்கும் சுவருக்குள்ளே!

"இப்ப என்னண்ணே செய்யறது?"

"நடுவை நகர்த்த முடியாது. சுவரைத்தான் எடுக்கணும்" என்றார் திருவேங்கடம்.

எடுத்தார்கள். அந்த இடத்தில் ஸ்டூல் போட்டு ரௌட்டரை வைத்தார்கள். அப்புறம்தான் சிங்காரத்துக்குத் தங்கதுரை சொன்ன இன்னொன்று ஞாபகம் வந்தது. சுவர் தடுக்குமாமே! சாமான் அறையின் பின்சுவர் இன்னும் நின்றுகொண்டிருந்தது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அதையும் இறக்கிவிட்டார்கள். புண்ணியத்துக்குக் கூரை தூண்களின் மேல் நின்றதால் தப்பித்தது. கூடத்தில் உட்கார்ந்தால் கொல்லையும், கொல்லைக்குப் பின்னாலுள்ள குளமும் பளிச்சென்று தெரிந்தன. காற்று என்ன சுகமாக வந்தது!

ஞாயிறு காலை பாஸ்வேர்டு போட உட்கார்ந்தோம். குழந்தைவேலு போனைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான். "அண்ணே, இந்த எழுத்தெல்லாம் பெருசா இருக்கே. சின்ன எழுத்துல அடிக்கச் சொன்னாரே?"

"தள்ளி நின்னு பாரு. சின்னதாத் தெரியும்" என்றார் திருவேங்கடம்.

இந்த மாதிரி யோசனைகள் அவருக்கு எங்கிருந்துதான் வருமோ! சிங்காரம் போனைப் பிடித்துக்கொண்டு ஒரு கோடியில் நின்றார். குழந்தைவேலு அடுத்த கோடியிலிருந்து, மாங்காய் பறிக்கும் கொம்பை நீட்டி, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டான். இரண்டு எழுத்து முடிந்ததும் திருவேங்கடம் கத்தினார். "நிறுத்துடா! நடுவுல இடம் விடக் கூடாதுன்னு சொன்னாரே! உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எவ்வளவு இடம் பாரு!"

இடத்தை அடைக்க அவர் போய் நின்றார். போதவில்லை. நானும் நின்றேன். அப்புறம் அரிசி மூட்டை, ஆட்டுக்கல், வாசலில் படுத்திருந்த ஆடு. எல்லாம் நெருக்கிக்கொண்டு நிற்க, என் தலைக்கு மேல் கொம்பு போய்ப் போய் வந்தது. எட்டாவது எழுத்தில் போன் "டிங்" என்றது. சேர்ந்துவிட்டது! குழந்தைவேலு கொம்பைப் போட்டுவிட்டு ஆட்டைக் கட்டிக்கொண்டான்.

பத்தேமுக்காலுக்கு ரௌட்டரில் சிவப்பு விளக்கு. நெட் போய்விட்டது. குழந்தைவேலு ஸ்டூல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். "போச்சுண்ணே. எனக்கு அவங்களை ரொம்பப் பிடிச்சிருக்குண்ணே" என்றான்.

"எம்புங்கடா!" என்றார் திருவேங்கடம். "நாப்பது எம்பி!"

எம்பினோம். சிங்காரம் முட்டிவலியோடு எம்பினார். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது என்றதும் பச்சை விளக்கு எரிந்தது. காசுக்கு ஏற்ற கம்பெனி, சும்மா சொல்லக் கூடாது.

போனைச் சொம்பில் சாய்த்து வைத்தோம். சரியாகப் பதினோரு மணிக்குப் பூங்கோதை முகம் வந்தது. அவர்கள் பேசும்போது யாரும் காதில் வாங்கக் கூடாது என்று தரகர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், அண்ணன்மார் இருவரும் சுவர்ப் பக்கம் திரும்பி, காதுகளைப் பொத்திக்கொண்டார்கள். நான் ஒரு காதை மட்டும் பொத்தினேன். தரகர் காதில் என்றுதான் சொன்னார், காதுகளில் என்று சொல்லவில்லை.

"பயமா இருக்கா?" என்று அவள் கேட்டாள்.

"ஆமாங்க."

"என்னைப் பிடிச்சிருக்கா?"

"புதன்கிழமையிலேர்ந்துங்க."

அவள் சிரித்துவிட்டாள். "உங்க மூக்கு மட்டும்தாங்க தெரியுது. கொஞ்சம் பின்னாடி போங்க."

போனான்.

"இன்னும் பின்னாடி."

அவ்வளவுதான். முகத்தைப் போன் பக்கமே வைத்துக்கொண்டு, பின்னாலேயே நடந்தான். ரௌட்டரைத் தாண்டினான். சாமான் அறையைத் தாண்டினான். தடுக்க ஒரு சுவர் உண்டா? கொல்லைக்குப் போனான். அவள் "போதும்ங்க!" என்றது அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது? வாழை மரங்களுக்கு நடுவே அவன் முகம் சின்னதாகிக்கொண்டே போயிற்று.

"அங்க பெரியவங்க யாராவது இருக்கீங்களா?" என்று அவள் கூப்பிட்டாள். நான் போய் முகத்தைக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர். "என்னங்க, போய்க்கிட்டே இருக்காரு! எங்க வார்டுல நான் ஒன்னு சொன்னா ஒருத்தரும் கேக்கறதில்ல. சொன்ன சொல்லை இப்படிக் கேக்கற மனுஷரை இப்பத்தான் பாக்கறேன். எனக்குச் சம்மதம்னு சொல்லுங்க. போதும்னு சொல்லி நிறுத்துங்க. கார்த்திகை இருபத்தேழு நான் ஊருக்கு வந்துடுவேன். அதுவரைக்கும் அவரைக் கொஞ்சம் பாத்துக்கங்க, அண்ணே."

அண்ணே என்றாள்! எனக்குத் தங்கையே கிடையாது. காதைப் பொத்தியிருந்த அண்ணன்மாரையும் இழுத்துக்கொண்டு விழுந்தடித்து ஓடினேன்.

குழந்தைவேலு குளத்தில் முழங்கால் தண்ணீரில் பின்னால் போய்க்கொண்டிருந்தான். "போதுமாம்டா!" என்று கத்தினேன். நின்றான். "சம்மதமாம்டா!" என்றேன். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு "ஹோ"வென்று அழுதான். அண்ணன்மாரும் அழுதார்கள். நானும் அழுதேன்.

"சரி, கரைக்கு வாடா" என்றார் திருவேங்கடம்.

"அவங்க வரச் சொன்னாங்களா?"

திருவேங்கடம் என்னைப் பார்த்தார். யோசித்துப் பார்த்தேன். "இல்லை. நிறுத்தத்தான் சொன்னாங்க."

"நின்னுட்டேன்ல?"

கட்டிக்கப்போகிறவள் பேச்சை முதல் நாளே மீறச் சொல்லலாமா? சிங்காரம் போய்க் குடையும் ஸ்டூலும் கொண்டுவந்தார். ரௌட்டர் இப்போது தரையில் இருக்கிறது.

இன்றைக்குக் கார்த்திகை நான்கு. திருவேங்கடம் மூன்று வேளையும் தண்ணீரில் இறங்கிப் போய்த் தம்பிக்குச் சோறு கொடுக்கிறார். இந்தச் சகோதரர்களைப் போல முட்டாள்களை நான் பார்த்ததே இல்லை. உட்கார்ந்து பேசிச் சிரிக்கலாம் என்றால் எனக்குத்தான் ஓய்வில்லை. கடையைப் பூட்டிவிட்டுக் குளக்கரையிலேயே இருக்கிறேன். பாத்துக்கங்க என்று அந்தப் பெண் என்னை நம்பித்தானே சொன்னாள்? அதனால் அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண் சிமிட்ட வேண்டியிருந்தால் மட்டும் சிங்காரத்தைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன். இதையும் தாளைப் பார்க்காமல்தான் எழுதுகிறேன், வரி கோணலாகப் போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.