பந்தைத் தொடாத வாரம்

"கால் சரியாயிடுச்சு கோச். டாக்டரே சொல்லிட்டாரு. அப்புறம் ஏன் என்ன எறக்க மாட்டேன்றீங்க?"

எட்வின் கேட்டான்.

கோச் மேகலை கோல் போஸ்டில் வலை கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு முடிச்சைப் போட்டு இழுத்துப் பார்த்தாள்.

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"ஓடலாம், குதிக்கலாம், ஒதைக்கலாம்னாரு."

"வெளாடலாம்னு சொன்னாரா?"

"எல்லாம் ஒண்ணுதானே!"

மேகலை அடுத்த முடிச்சுக்குப் போய்விட்டாள்.

இருவரும் வியாசர்பாடியில் ஒரே தெரு. மேகலை அவனைவிட மூன்று வயது சின்னவள். சிறு வயதில் கோல்கீப்பருக்கு ஆள் அகப்படாமல் அவளைப் பிடித்து இழுத்து இரண்டு செங்கல்லுக்கு நடுவே நிறுத்தியவனே எட்வின்தான். நிறுத்தியது நிறுத்தியதுதான், மாநில அணிவரைக்கும் அவள் கோலைவிட்டு நகரவில்லை. இப்போது அவன் ஆடும் கிளப்புக்கு அவள் கோச். ஆண்கள் அணிக்குப் பெண்ணா என்று முணுமுணுத்தவர்கள் அவள் விசிலை ஒருமுறை கேட்ட பிறகு வாயைத் திறக்கவில்லை.

மைதானத்தில் எட்வின் அவளை 'கோச்' என்பான், 'நீங்க' என்பான். கோபம் வந்தால் அது 'மேகல', 'நீ' என்று இறங்கிவிடும். அவளுக்கு அவன் எங்கேயும் 'அண்ணா'தான்.

எட்வின் நடுவில் ஆடுகிறவன், மிட்ஃபீல்டர். பத்தொன்பது வயதில் வெளிமாநிலத்துப் பெரிய கிளப் ஒன்று வந்து அவனை அள்ளிக்கொண்டு போனது. பந்து காலுக்கு வருமுன்பே அது அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அந்த மாதிரி ஆட்டக்காரன்.

இருபத்திரண்டில் இடது முட்டியில் ஜவ்வு கிழிந்தது. ஒரு வருடம் கட்டிலில் போயிற்று. எழுந்து வந்தான், கணுக்கால் முறிந்தது. அதையும் தாண்டி வந்தான், மறுபடி அதே முட்டி. பட்ட காலிலே படும் என்று சொல்லி வைத்தவன் யாரோ ஒரு மிட்ஃபீல்டரைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும். பெரிய கிளப் கைவிட்டது, பிறகு சின்ன கிளப்பும் கைவிட்டது. கடைசியில் சொந்த ஊர் கிளப்புக்கே வந்து சேர்ந்தான்.

இப்போது முப்பத்தொன்று. சீசனில் மிச்சம் இருந்தது ஒரே ஆட்டம், வருகிற ஞாயிற்றுக்கிழமை. அதிலும் இறங்காவிட்டால் அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ள மாட்டோம் என்று நிர்வாகிகள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். இந்த வயதில், இந்தக் காலோடு, வேறு எந்த கிளப்பும் சேர்க்காது. எட்வினுக்கு அது நன்றாகவே தெரியும். இரவில் தூக்கம் வரவில்லை.

அன்று திங்கட்கிழமை. பயிற்சி ஆட்டத்தின் நடுவே மேகலை விசில் ஊதினாள்.

"எல்லாரும் அப்டியே நில்லு! எட்வின்ணா, கண்ண மூடு. நம்மாளுங்க எங்கெங்க கீறானுங்க, கை காட்டு."

இது அந்த மைதானத்து வழக்கம். நடுவில் ஆடுகிறவன் கண்ணை மூடிக்கொண்டு தன் பத்துப் பேரையும் கையால் காட்ட வேண்டும். எட்வின் ஒரு காலத்தில் பத்தோடு நிற்க மாட்டான். வெளியே சுண்டல் வண்டி எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்துக் காட்டுவான்.

எட்வின் கண்ணை மூடினான். கையை இடது பக்கம் நீட்டினான். அங்கே யாரும் இல்லை. வலது பக்கம் நீட்டினான். அங்கே ஒரு வேப்பமரம் இருந்தது.

யாரோ சிரித்தார்கள்.

"சரி, அத வுடு. தாமு எங்க கீறான்?"

தாமுவும் அதே கிளப்தான், பயிற்சியில் எதிர்ப்பக்கம் ஆடும் டிஃபென்டர். முரட்டுக் கால்காரன், காலைப் பார்த்து வருகிறவன்.

"பின்னாடி, லெஃப்ட்ல. என் எடது கால பாத்துக்கினு நிக்கிறான்."

கண்ணைத் திறந்து திரும்பினான். தாமு மிகச் சரியாக அங்கேதான் நின்றிருந்தான்.

"போய் தண்ணி குடிண்ணா" என்றாள் மேகலை.

பயிற்சி முடிந்து எல்லோரும் பூட்ஸைக் கழற்றினார்கள். எட்வின் கழற்றாமல் வந்து நின்றான்.

"நான் இன்னா பண்ணணும், அத சொல்லுங்க."

"இந்த வாரம் பூரா நடுவுலயே ஆடு. பந்த மட்டும் தொடாத."

"இன்னாது?"

"ஒன்னாண்ட வந்தா ஒதுங்கிக்கோ. வாய் தொறக்கலாம்."

"மேகல, கிண்டல் பண்றியா நீ? ஞாயித்துக்கிழம மேட்சு!"

"ஆமாண்ணா. ஞாயித்துக்கிழமதான்."

சொல்லிவிட்டு விசிலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை எட்வின் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மைதானத்தின் நடுவே நின்றான். பந்து வந்தது, ஒதுங்கினான். மறுபடி வந்தது, குதித்து ஒதுங்கினான்.

"இன்னாண்ணா, பொண்ணு பாக்கப் போன வூட்ல நிக்கிற மாதிரி நிக்கிற?" என்றான் தாமு. மைதானமே சிரித்தது.

ஆனால் பந்தைத் தொடாதவன் காலைத் தாமு என்ன செய்யப்போகிறான்? அவனை ஒரு கம்பத்தைக் கடப்பதுபோல் கடந்து போனான். முதலில் எட்வினுக்கு அது அவமானமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் சலிப்பாக இருந்தது. அதற்கும் பிறகு, சும்மா நிற்க முடியாமல், வாயைத் திறந்தான்.

"யாசின், பின்னாடி ஆளு!"

யாசின் இருபத்திரண்டு வயது இளைஞன். இந்த சீசன் முழுக்க எட்வினின் இடத்தில் ஆடுகிறவன் அவன்தான். சட்டென்று திரும்பிப் பந்தைக் காப்பாற்றிக்கொண்டான்.

புதன்கிழமை சாயங்காலம் எட்வினுக்குத் தொண்டை கட்டிவிட்டது. இடது பக்கம் ஓடும் வின்சென்ட் களைத்துப்போனால் முதலில் காதைத் தேய்ப்பான் என்று கண்டுபிடித்தான். வலது டிஃபென்டர் திட்டினால் மோசமாக ஆடுகிறான், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நன்றாக ஆடுகிறான் என்பதும் தெரிந்தது. எட்வின் கரகரத்த குரலில் இரண்டு மணி நேரம் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். யாரும் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை யாசினைப் பார்த்தான்.

பந்தைத் தலையால் முட்டிவிட்டு இறங்கும்போது யாசின் வலது காலில் மட்டும் இறங்கினான். திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், இரண்டு சின்ன எட்டு வைத்துச் சுற்றிக்கொண்டு போனான். அடிக்கடி குனிந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டான். இழுக்கும்போது கோச் பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தான்.

யாரும் கவனிக்கவில்லை.

இருபத்திரண்டு வயதில் எட்வினும் இப்படித்தான் ஒரு வாரம் நடித்தான். வலிக்கிறது என்றால் வெளியே உட்கார்ந்திருப்பவன் உள்ளே வந்துவிடுவான் என்ற பயம். ஒரு ஆட்டத்தில் சாதாரணமாகத் திரும்பினான். யாரும் தொடவில்லை. முட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது.

யாசின் இப்படியே ஓடினால் ஞாயிற்றுக்கிழமை வரை தாங்க மாட்டான். அவன் விழுந்தால் அந்த இடத்துக்கு வேறு ஆள் கிடையாது, எட்வின்தான். யாரும் எட்வினைக் குறை சொல்லப்போவதில்லை. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, ஒரு நொடி அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மனித மனசு அவ்வளவுதான்.

பந்து யாசினுக்கு வந்தது. தாமு இடது பக்கமிருந்து பாய்ந்து வந்தான். யாசின் வலிக்கிற இடது காலை ஊன்றித் திரும்பப் போனான்.

எட்வின் இருவருக்கும் நடுவில் புகுந்து, குனிந்து, பந்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டான்.

விசில் அலறியது.

"பந்தத் தொடாதன்னேன்ல!"

"தொட்டுட்டேன், இப்ப இன்னான்ற? மொதல்ல இவன் கால பாரு."

"எனக்கு ஒண்ணுமில்ல" என்றான் யாசின் அவசரமாக.

"ஒத்தக் கால்ல உக்காந்து எந்திரி, பாப்போம். எடது கால்ல."

யாசின் உட்காரவில்லை. அவன் முகம் சிவந்துவிட்டது.

"ஒனக்கு என் எடம் வோணும்னா கோச்சாண்ட கேளுண்ணா. அதுக்கு இப்டியெல்லாம் பண்ணாத."

எட்வினுக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் ஒரு நொடிக்கு முன்னால் அது உண்மையாகத்தான் இருந்தது. அவன் பந்தைக் கீழே போட்டுவிட்டு யாசின் முன்னால் மண்டியிட்டான்.

"எடம் எங்கயும் ஓடிடாது. கால நீட்டுடா."

காலுறையை இறக்கினான். முட்டி பன் போல வீங்கியிருந்தது.

யாசின் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

மேகலை குனிந்து பார்த்தாள். "ஞாயித்துக்கிழம நீ கெடயாது யாசின். நாளைக்கே ஸ்கேன் எடு." பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னாள். "நாளைக்கு பிராக்டீஸ் முடிஞ்சதும் டீம் சொல்லுவேன். வராதவன் ஞாயித்துக்கிழமயும் வர வேணாம்."

இதை அவள் ஒவ்வொரு வாரமும் சொல்லுவாள். காய்ச்சல், கல்யாணம், கருமாதி எதற்கும் அவள் விலக்குக் கொடுத்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் எட்வின் யாசினைத் தன் வண்டியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். விட்டுவிட்டு மதியம் பயிற்சிக்குப் போய்விடுவதாகத்தான் திட்டம். வரிசை நீளமாக இருந்தது. மதியம் ஆயிற்று.

"நீ போண்ணா. பிராக்டீஸ் கீது" என்றான் யாசின்.

"போறேன்."

போகவில்லை. யாசின் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிடித்திருப்பது அவனுக்கே தெரியவில்லை.

"நீ வாய மூடிக்கினு இருந்திருந்தா எடம் தானா வந்திருக்கும்" என்றான் யாசின். "எதுக்குண்ணா சொன்ன?"

"ஒன் வயசுல என் கால பாக்க ஒருத்தன் இல்லடா."

யாசின் பெயரைக் கூப்பிட்டார்கள். எட்வின் கூடவே எழுந்தான். வாசலில் நின்ற ஊழியர், "நீங்க வெளியதான் இருக்கணும்" என்றார். எட்வின் கதவுக்கு வெளியே நின்றபடி சத்தமாகப் பேசினான்.

"யாசின்! மிஷினு கடமுடான்னு சத்தம் போடும். பயந்துக்காத! ஆடக் கூடாது!"

"சார், மெதுவா" என்றார் ஊழியர்.

பொழுது சாயும் நேரத்தில் எட்வின் மைதானத்துக்கு வந்து சேர்ந்தான். எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். மேகலை மட்டும் பந்துகளை வலைப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பிராக்டீஸ் முடிஞ்சிடுச்சுண்ணா."

"தெரியும். கிளப்பு ஐஸ் பை எங்க கீது? யாசினுக்கு வோணும்."

"ஸ்கேன்ல இன்னா வந்துச்சு?"

"கிழியல மேகல! கிழியல!" எட்வினின் கட்டிய தொண்டை உடைந்து கீச்சென்றது. "இழுத்துக்கினு கீது, அவ்ளோதான். ஆறு வாரம் ரெஸ்ட்டு. இன்னும் ஒரு தடவ அந்தக் கால ஊனித் திரும்பியிருந்தா போயிருக்கும்னாரு டாக்டரு. படி ஏறக் கூடாதாம். அவன் வூடு மூணாவது மாடி, லிஃப்ட்டு கெடயாது. நம்ம வூடு கீழதான, அங்கயே தங்கட்டும்னு அவங்கம்மாவாண்ட சொல்லிட்டேன். அது நம்மள நம்பாம ஒரு பாட்டம் அழுதுட்டு, அப்புறம் பிரியாணி செஞ்சு தரேன்னுச்சு."

மேகலை ஐஸ் பையை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு திரும்பினான்.

"அண்ணா."

"ம்?"

"ஒன் முட்டி எப்டி கீது?"

வேறு நாளாக இருந்தால் எட்வின் அரைமணி நேரம் பேசியிருப்பான். காலையில் எப்படி இருந்தது, மாடிப்படியில் எப்படி இருந்தது, மழை வந்தால் எப்படி இருக்கும் என்று வரிசையாகச் சொல்லியிருப்பான். இன்று குனிந்து தன் இடது காலைப் பார்த்தான். வெகு நாள் காணாத ஆளைத் தெருவில் பார்த்தவன்போல் பார்த்துக்கொண்டே நின்றான்.

"இன்னிக்கு… பாக்கவே இல்லியே" என்றான்.

மேகலை பையைத் துழாவி ஒரு சட்டையை எடுத்து அவன் மேல் எறிந்தாள்.

"நாளன்னிக்கு நாலு மணிக்கு வந்து சேரு."

"நான்தான் இன்னிக்கு வரலியே! ஒன் சட்டம் இன்னாவறது?"

"சட்டம் என்னுது, நான் பாத்துக்கறேன். நீ ஐஸ் கரையறதுக்குள்ள வூட்டுக்குப் போண்ணா."