மருதாணி வேலிக்குக் காவல்

மலையடிவாரத்து மடத்தில் வேலாயுத அடிகளிடம் சீடராக வந்து சேர்ந்த சங்கிலி, அடிகளைவிட வயதில் மூத்தவர். அதற்கு முன் ரயில்வே சரக்குக் கிட்டங்கியில் காவல்காரர். அவர் நிற்கிற இடத்தில் ஈ, காக்கா அண்டாது என்று பேர் வாங்கியவர். ஞானம் தேடி வந்த மனுஷர், கையோடு கம்பையும் கொண்டுவந்துவிட்டார்.

அடிகள் அவரிடம் தோட்டத்தை ஒப்படைத்தார். உள்ளே கத்தரி, வெண்டை, கீரை. சுற்றிலும் மருதாணி வேலி. கல்யாணம், நல்லநாள் என்றால் ஊர்ப் பெண்கள் வந்து கொப்பு கொப்பாக ஒடித்துக்கொண்டு போவார்கள். சங்கிலி கம்பை நீட்டிக் குறுக்கே நின்றார்.

“மடத்துச் சொத்துல யாரும் கை வைக்கப்படாது!”

மறுநாள் கல்யாணம் என்று மகளோடு வந்த ஆவுடையம்மாளையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார். பிறகு ஒருத்தரும் வரவில்லை. வேலி ஆளுயரத்துக்கு மேலே போய்ப் பூத்தது. சங்கிலிக்குப் பெருமை தாங்கவில்லை.

குருபூஜை நெருங்கியது. வருகிற சனத்துக்கெல்லாம் அந்தத் தோட்டத்துக் காய்தான் குழம்பு. இரண்டு நாள் இருக்கும்போது, விடிந்து போய்ப் பார்த்தால் ஆடுகள் உள்ளே புகுந்து தோட்டத்தையே மொட்டையடித்திருந்தன.

சங்கிலி அடிகள் முன்னால் போய் நின்றார். கண் கலங்கியிருந்தது.

“ஒரு இலை வெளிய போகாமக் காத்தேன் சாமி. அப்படியும் ஆடு புகுந்துட்டு. நான் எதுக்கும் லாயக்கில்ல. என்னை அனுப்பிருங்க.”

“போகலாம் அண்ணாச்சி. முதல்ல இப்படி வந்து உக்காருங்க.”

வேலி ஓரம் இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். மேலேதான் பச்சை. கீழே வெறும் குச்சிகள். இடைவெளியில் ரோடு பளிச்சென்று தெரிந்தது.

“நீங்க வந்த புதுசுல இங்க உக்காந்தா ரோடு தெரியுமா?”

“தெரியாது சாமி. அடியில நெருக்கமா இருந்துச்சு.”

“அப்போ யாரு வருவாங்க?”

“மருதாணிக்குப் பொம்பளைங்க வருவாங்க... அவங்க ஒடிக்க ஒடிக்கத்தான் அடியில தழைச்சிருக்கு சாமி.”

அடிகள் எழுந்து நேரே ஆவுடையம்மாள் வீட்டு வாசலுக்குப் போனார். சங்கிலி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னால் போனார்.

“தாயி, மருதாணி பறிக்க வரணும்.”

“எதுக்கு சாமி? அங்கதான் கம்போட ஒருத்தர் நிக்காரே.”

சங்கிலிக்குக் காது சுட்டது. அடிகளுக்கு முன்னால் வந்து கைகூப்பினார்.

“தப்பு என்னுதுதான் தாயி. கல்யாணப் பொண்ணைத் திருப்பி அனுப்புனேன். மனசுல வச்சுக்காம வரணும்.”

ஆவுடையம்மாள் உள்ளே போய் ஓலைப்பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் தெருவே திரண்டு வந்தது. சங்கிலி அரிவாளால் முழங்கால் உயரத்துக்கு வேலியைத் தறித்தார். தறித்த கொப்புகளை ஒவ்வொருத்தி பெட்டியிலும் அவரே வைத்தார். மொட்டையாய்க் கிடந்த தோட்டத்தைப் பெண்கள் பார்த்தார்கள்.

குருபூஜை அன்று விடியற்காலம், மடத்து வாசலில் பூசணியும் அவரையும் வாழைக்காயும் குவிந்து கிடந்தன. வாழைக்காய்த் தாரை இறக்கிவைத்துக்கொண்டிருந்த ஆவுடையம்மாளின் உள்ளங்கை செக்கச்செவேல் என்று சிவந்திருந்தது. சங்கிலி வாய்விட்டு அழுதுவிட்டார். இத்தனை காலம் யாரை விரட்டினாரோ, அவர்கள் கொண்டுவந்த காயில் குழம்பு கொதித்தது.

மத்தியானம் ஊரே பந்தியில் உட்கார்ந்தது. சங்கிலி அடிகளிடம் மெல்ல வந்தார்.

“இவங்களுக்கு எந்த ஜென்மத்துல நன்றிக்கடன் தீர்ப்பேன் சாமி... ஆனா ஒரு கவலை. வேலி தழைஞ்சு அடைய நாளாகும். அதுவரைக்கும் தோட்டத்துக்குக் காவல்?”

அடிகள் பந்தியைப் பார்த்தார்.

“காவலெல்லாம் பந்தியில உக்காந்திருக்கு அண்ணாச்சி. போய் ரசம் ஊத்துங்க.”