பாறையோடு நின்ற விளக்கு

இமயத்தில் தவமணி அம்மாவின் ஆசிரமம் இருந்தது. அம்மாவுக்கு நாற்பது வயது. அங்கிருந்த ஒரே சீடர் சிங்காரவேலுவுக்கு அறுபத்திரண்டு. முப்பது வருஷம் வால்பாறை மலையில் லாரி ஓட்டிவிட்டுத் துறவுக்கு வந்தவர். லாரியை விட்டாரே தவிர வீம்பை விடவில்லை.

ஆசிரமத்தை அடுத்து ஒரு பனிச் சரிவு. அதைக் கடந்தால் சிவன் குகை. ஒன்பது வருஷமாகச் சிவராத்திரி விளக்கை அங்கே ஏற்றுகிறவர் சிங்காரவேலுதான். சரிவில் ஒருவர் நடக்கும்போது மற்றவர் இந்தப் பக்கத்துப் பாறையில் நின்று கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும் என்பது அம்மா வைத்த கட்டளை. பனி சரிந்து ஆளை மூடினால், தோண்டி எடுக்க ஒருவராவது வெளியே வேண்டுமல்லவா?

இந்த வருஷம் மூன்று நாள் விடாமல் பனி கொட்டியது. காற்றும் ஓயவில்லை. சிவராத்திரி அன்று காலை வானம் வெளுத்ததும் சிங்காரவேலு விளக்கும் எண்ணெய்க் குடுவையுமாகக் கிளம்பிவிட்டார். அம்மாவும் கூட வந்தார்.

பாறையை நெருங்கும்போது காலடியில் பனி 'தொம்' என்று அமுங்கியது. வெள்ளைப் பரப்பில் ஒரு விரிசல் ஓடியது.

அம்மா நின்றார். "கேட்டுச்சா வேலய்யா? அடிப்பனி பிடிப்பில்லாம கெடக்கு. அதுக்கு மேல மூணு நாள் பாரம். திரும்பிடலாம்."

"விளக்கேத்தாமயா?"

"ஏத்தாமதான்."

"நாப்பது கொண்டை ஊசி வளைவுல பாரம் ஏத்தி ஓட்டினவன்மா நான். இந்த மலைக்குப் பயந்தா திரும்பணும்?"

"ஆமா."

அந்த ஒற்றைச் சொல்லில் அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க பாறையில நில்லுங்க. நான் போறேன். செத்தாலும் சிவன் வாசல்லதானே சாவேன்!"

விடுவிடுவென்று சரிவில் இறங்கினார். ஆறு அடி வைத்திருப்பார். பின்னால் பனி நறநறத்தது. திரும்பிப் பார்த்தார். கை நீட்டினால் தொடும் தூரத்தில் அம்மா. அவருடைய காலடித் தடத்திலேயே கால் வைத்து வந்துகொண்டிருந்தார்.

"அம்மா! ரெண்டு பேர் ஒண்ணா வரக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். திரும்பலாம்னும் சொன்னேன். நீங்க கேட்டீங்களா?"

"ரெண்டு பேரும் புதைஞ்சா யார் தோண்டுறது?"

"யாருமில்ல. நடங்க, வர்றேன்."

"போயிடுங்கம்மா. கையெடுத்துக் கும்பிடுறேன்."

"எனக்கும் வீம்பு உண்டு வேலய்யா. நடங்க."

தன் உயிரைப் பற்றிச் சிங்காரவேலு என்றைக்குமே கவலைப்பட்டதில்லை. ஆனால் இப்போது பின்னால் நிற்பது அம்மாவின் உயிர். பாறைப் பக்கமாகத் திரும்பினார். முதலில் அம்மா பாறையேறினார். அதுவரை சிங்காரவேலு சரிவில் அசையாமல் நின்று, பிறகு தனியாக வந்து சேர்ந்தார்.

விளக்கைப் பாறை மேல் வைத்து, குகையைப் பார்த்து ஏற்றினார். காற்று மூன்று முறை அணைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று முறையும் மறுபடி ஏற்றினார்.

அதன்பிறகு ஒரு வாரம் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தினமும் காலையில் போய்ச் சரிவைப் பார்த்தார். அது போட்டது போட்டபடி கிடந்தது. எட்டாம் நாள், வாசல் பனியை அள்ளிக்கொண்டிருந்த அம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"ஒரு பிடி பனி சரியலம்மா. அன்னிக்குப் போயிருக்கலாம்."

"போயிருக்கலாம்தான்."

அம்மா இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "பின்னே ஏன் தடுத்தீங்க? போயிருந்தா என்ன ஆயிருக்கும்?"

அம்மா மண்வெட்டியை அவர் கையில் கொடுத்தார்.

"விளக்கேத்தியிருப்பீங்க. நல்லபடியா திரும்பியும் வந்திருப்பீங்க. அப்புறம், இந்த மலையை உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிருப்பீங்க."