படத்தில் இருட்டாக இருந்த இடம்

மனநல ஆய்வு நிலையத்தில் டாக்டர் பிலோமினாவிடம் வேலை கற்றவர்கள் பலர். தன்னை அவருடைய சீடன் என்று சொல்லிக்கொண்டவர் கதிரேசன் ஒருவர்தான். இத்தனைக்கும் அவர் குருவைவிட மூன்று வயது மூத்தவர். ஊரில் சொந்தமாக ஸ்கேன் மையம் நடத்திய டாக்டர். எலும்பு முறிவும் சிறுநீரகக் கல்லும் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், மனசு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டுமென்று எல்லாவற்றையும் விட்டு வந்தவர்.

வந்த புதிதில் அவர் கேட்டார்: "மேடம், சிசோஃபிரினியா இருக்கிறவங்க மூளையை ஸ்கேன்ல பார்த்ததும் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

பிலோமினா ஒரு கட்டுப் படங்களை எடுத்து மேஜைமேல் போட்டார்.

"இதில பாதி நம்ம வார்டில் இருக்கிறவங்களோடது. பாதி நம்ம ஊழியர்களோடது. பிரிச்சு வைங்க."

கதிரேசன் மத்தியானம் வரைக்கும் பிரித்தார். பிலோமினா வந்து சரிபார்த்தார். காசைச் சுண்டிப் போட்டுப் பிரித்திருந்தாலும் அந்த அளவுக்குச் சரியாக வந்திருக்கும்.

"ஆனா எல்லாப் புத்தகத்திலும் வித்தியாசம் இருக்குன்னு போட்டிருக்கே மேடம்?"

"இருக்கு. நிறைய பேரை இந்தப் பக்கம், நிறைய பேரை அந்தப் பக்கம் வெச்சுச் சராசரி எடுத்தா தெரியும்."

"தனியா ஒரு ஆளைப் பார்த்தா?"

பிலோமினா படங்களை அடுக்கினார். "சராசரி ஆள் யாராவது நம்ம வார்டில் இருந்தா கூட்டிட்டு வாங்க. நானும் பார்த்ததில்லை."

கதிரேசன் சிரித்தார். புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

மறுவருஷம் நிலையத்தில் ஒரு புதிய ஆய்வு தொடங்கியது. பிறர் வலியைக் கண்டு இரங்காமல், செய்த தப்புக்கு வருந்தாமல் இருக்கிற தன்மையைச் சைக்கோபதி என்பார்கள். அது மூளையில் எப்படித் தெரிகிறது என்பதுதான் கேள்வி. பக்கத்துச் சிறையிலிருந்து, சம்மதம் கொடுத்த கைதிகளைக் காவலோடு அழைத்து வந்தார்கள். எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் படுக்கவைத்து, அடிபட்டவர்கள், அழுகிறவர்கள், காயம்பட்டவர்கள் படங்களைக் காட்டினார்கள். அந்த நேரத்தில் மூளையின் எந்த இடம் வேலை செய்கிறது என்று பதிவானது.

ராஜாமணி அப்படி வந்தவர்களில் ஒருவர். வரப்புத் தகராறில் கூடப்பிறந்த அண்ணனை மண்வெட்டியால் அடித்துக் கொன்றவர். ஆயுள் தண்டனை.

உள்ளே இருப்பவர் படத்தைப் பார்க்கிறாரா என்று கவனிக்க மெஷினில் ஒரு சின்ன கேமரா உண்டு. அன்றைக்கு அது பழுது.

"இன்னொரு நாள் வரச் சொல்லலாமா சார்?" என்று டெக்னீஷியன் கேட்டாள்.

"போலீஸ் காவலோட வந்திருக்காங்க. மறுபடி எப்ப அனுப்புவாங்களோ. எடுத்துடுங்க," என்றார் கதிரேசன்.

எடுத்தார்கள். அடுத்தவர் வலியைப் பார்த்தால் மற்றவர்களுக்குச் சிவப்பாக ஒளிர்கிற இடம், ராஜாமணியின் படத்தில் இருட்டாக இருந்தது. கதிரேசன் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். இப்படி ஒரு படத்துக்காகத்தான் அவர் ஸ்கேன் மையத்தை விட்டு வந்தார்.

அந்த வாரம் சிறைக் கண்காணிப்பாளர் வேதமுத்து நிலையத்துக்கு வந்திருந்தார். டீ குடிக்கும்போது கதிரேசனிடம் கேட்டார்.

"ராஜாமணின்னு ஒருத்தன் வந்தானே டாக்டர். அவங்கப்பாவுக்கு முடியலையாம், பரோல் கேட்கிறான். வெளியே விட்டா ஏதாவது வில்லங்கம் பண்ணுவானா? உங்க மெஷின் என்ன சொல்லுது?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் கதிரேசனிடம் அதுவரை கேட்டதில்லை. அவருக்கு உள்ளம் குளிர்ந்தது.

"ஆய்வு விஷயம், வெளியே சொல்லக் கூடாது சார்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஆனா ஒண்ணு. இரக்கம் இருக்க வேண்டிய இடம் அந்த மூளையில இருட்டா இருக்கு."

வேதமுத்து தலையை ஆட்டிக்கொண்டார்.

அடுத்த ஸ்கேனுக்கு ராஜாமணி வந்தபோது தலை மொட்டையாக இருந்தது.

"என்ன, வேண்டுதலா?" என்று கேட்டார் கதிரேசன்.

"அப்பா போயிட்டாருங்க ஐயா. ஜெயில்லயே போட்டுக்கிட்டேன்."

"போய்ப் பார்த்தியா?"

"விடலைங்க."

கதிரேசனுக்கு டீக்கோப்பையும் வேதமுத்துவின் தலையாட்டலும் ஞாபகம் வந்தன. மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். ராஜாமணிதான் பேசினார்.

"பங்காளி பையன் கொள்ளி வெச்சானாம். வேற பிள்ளை இல்லைங்களே. இருந்த ஒரு அண்ணனையும் நான்தான்..." சொல்லை முடிக்காமல் விட்டார். பிறகு, "ஐயா, ஒண்ணு கேட்கலாங்களா?"

"கேளு."

"எனக்கு இரக்கமே கிடையாதுன்னு படத்துல வந்திருக்காம். பரோல் கேட்கப் போன எங்க சித்தப்பாகிட்ட பெரிய அதிகாரி சொல்லிட்டாரு. ஊர் பூரா தெரிஞ்சு போச்சு. மெஷின் பொய் சொல்லாதுல்லங்க. சரின்னு நானும் ஒத்துக்கிட்டேன். ஆனா அண்ணன் நினைப்பு வர்றப்ப நெஞ்சுக்குள்ள ஒண்ணு புடிச்சு இழுக்குதே, அது என்னங்க ஐயா? அது வேற ஏதாவது வியாதியா?"

கதிரேசனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அப்புறம், எனக்கு ஒரு பொண்ணு இருக்குங்க. இது பிள்ளைக்கும் வருமா?"

"அன்னிக்கு உள்ளே படம் காட்டினாங்களே," என்றார் கதிரேசன். "எல்லாத்தையும் பார்த்தியா?"

ராஜாமணி காவலரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"மொதல்ல தலையில அடிபட்ட ஆள் படம் வந்துச்சுங்க. அதுக்கப்புறம் கண்ணைத் தொறக்கலை. சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னு பேசாம படுத்துக்கிட்டேன்."

கதிரேசன் அன்றைய ஸ்கேனை நிறுத்திவிட்டு பிலோமினாவின் அறைக்குப் போனார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். டீக்கோப்பை, பரோல், மொட்டைத் தலை, பெண்ணைப் பற்றிய கேள்வி.

"அவர் கண்ணை மூடிக்கிட்டது எனக்கு எப்படித் தெரியும் மேடம்? கேமரா வேலை செய்யலை," என்று முடித்தார்.

"அந்தப் படத்தைத் திறங்க."

திறந்தார். இருட்டாக இருந்த இடத்துக்கு அவர் விரல் தானாகப் போனது.

"அங்கே இல்லை. பின்பக்கம் பாருங்க. கண்ணு பார்க்கிறதை வாங்கிக்கிற இடம்."

கதிரேசன் படத்தைத் திருப்பினார். யாருக்கு எந்தப் படத்தைக் காட்டினாலும் ஒளிர்ந்தாக வேண்டிய இடம் அது. ராஜாமணியின் படத்தில் அதுவும் இருட்டாக இருந்தது. முதல் நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறது. மருத்துவக் கல்லூரி மாணவன்கூடத் தவறவிடாத விஷயம்.



"சம்மதம் வாங்கினப்ப அவர்கிட்ட என்ன சொன்னோம்?" என்று கேட்டார் பிலோமினா.

"படம் நம்மைத் தாண்டி வெளியே போகாதுன்னு."

கதிரேசன் படத்தை மூடினார்.

"நான் வேலையை விட்டுடறேன் மேடம்."

"விடலாம். உங்களுக்கு நிம்மதியா இருக்கும்." அவர் எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டார். "காரியம் என்னிக்குன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

"வாங்க, போய்க் கேட்போம். வழியில நானும் யோசிக்கணும். கேமரா இல்லாம படம் எடுத்தது என் ஆய்வகத்தில்."

சிறையில் வேதமுத்துவின் அறையில் இன்னும் இரண்டு அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். தனியாகப் பேசலாமா என்று கேட்க கதிரேசன் வாயெடுத்தார். பிலோமினா அவரைப் பார்த்தார். கதிரேசன் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"சார், ராஜாமணியைப் பத்தி நான் சொன்னது தப்பு. உள்ளே காட்டின படங்களை அவர் பார்க்கவே இல்லை, கண்ணை மூடிக்கிட்டார். அது ஸ்கேன்லயே தெரியுது. நான் கவனிக்கலை. சரியா எடுத்திருந்தாலும் ஒரு ஸ்கேனை வெச்சு ஒரு ஆளை அப்படிச் சொல்ல முடியாது. வெளியே சொன்னதே தப்பு."

ஒரு அதிகாரி சிரித்தார். "அப்ப எதுக்கு சார் அவ்வளவு பெரிய மெஷின்?"



"இப்ப வந்து சொல்றீங்களே டாக்டர்," என்றார் வேதமுத்து. அவருக்கும் முகம் சுருங்கிவிட்டது. "பெரியவரை எடுத்து ஒரு வாரம் ஆகுது. உங்க பேச்சை நம்பித்தானே நானும் வேண்டாம்னு எழுதினேன்."

"காரியத்துக்காவது அனுப்ப முடியுமா?"

அதற்குப் பல பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு அறையிலும் கதிரேசன் அதே தப்பை முதலிலிருந்து சொன்னார். சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்று நினைத்தார். பழகவில்லை. கடைசியில் காவலோடு ஒருநாள் போய்வர அனுமதி கிடைத்தது.

ராஜாமணியைப் பார்த்து அவர் அதைச் சொன்னார். "அந்தப் படம் உங்களைப் பத்தி எதுவும் சொல்லலை ராஜாமணி. நான்தான் சரியா பார்க்கலை. உங்க பொண்ணுக்கு ஒண்ணும் வராது. நெஞ்சுல இழுக்குதுன்னீங்களே, அது வியாதி இல்லை."

ராஜாமணி கையெடுத்துக் கும்பிட்டார். அதுதான் கதிரேசனுக்குத் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார்.

"ஊர்ல வந்து இதைச் சொல்வீங்களா ஐயா?" என்று கேட்டார் ராஜாமணி. "நான் சொன்னா யாரு நம்புவா?"

காரியத்தன்று கதிரேசன் அந்த ஊருக்குப் போனார். செத்துப்போன அண்ணனின் வீட்டில்தான் பெரியவர் கடைசிவரை இருந்திருக்கிறார். வாசலில் பந்தல் போட்டிருந்தது. ராஜாமணி ஒரு ஓரத்தில், இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி இடம் காலியாகக் கிடந்தது.

சடங்கு முடிந்ததும் கதிரேசன் பந்தலுக்கு நடுவில் வந்து நின்று, தான் யாரென்று சொன்னார். தான் சொன்னது தப்பு என்று சொன்னார். பெரியவர்கள் சிலர் தலையை ஆட்டினார்கள். சித்தப்பா எழுந்து போய் ராஜாமணியின் பக்கத்தில் உட்கார்ந்தார். ராஜாமணியின் பெண் தூணைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் போய் அப்பாவின் முதுகோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

வேலை முடிந்தது என்று கதிரேசன் செருப்பைத் தேடும்போது உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தார். வெறும் நெற்றி. செத்துப்போன அண்ணனின் மனைவி வேலம்மாள்.

"நீங்கதான் அந்த டாக்டரா?"

"ஆமாம்மா."

"இந்த வீட்டுக்கு நான் வாழ வந்தப்ப ராஜாமணிக்குப் பத்து வயசு. என் கையால சோறு போட்டு வளர்த்தேன். அது எப்படி இப்படிச் செஞ்சுச்சுன்னு இத்தனை வருஷமா எனக்குத் தூக்கம் இல்லை. அதுக்கு இரக்கமே இல்லாம பொறந்திருச்சு, மெஷின்ல தெரிஞ்சு போச்சுன்னு சொன்னாங்க. அன்னிக்குத்தான் தூங்கினேன்."

கதிரேசன் நின்றார்.

"இப்ப வந்து அதெல்லாம் இல்லைங்கறீங்க. அப்ப இரக்கம் இருந்துக்கிட்டேதான் என் புருஷனை அடிச்சுச்சா? இதை நான் எங்கே கொண்டு போய் வைக்கிறது?"

வேலம்மாள் பதிலுக்குக் காத்திருந்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் கதிரேசன் பிலோமினாவின் முன்னால் உட்கார்ந்து இதைச் சொன்னார்.

"அந்த அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்கணும் மேடம்?"

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. வாசல்லயே தலையைக் குனிஞ்சு நின்னேன். அவங்க திரும்ப வெளியே வரலை. அப்புறம் பஸ் ஏறி வந்துட்டேன்."

"வந்துட்டீங்களா?"

வெளியே வார்டில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இல்லை மேடம்," என்றார் கதிரேசன். "இன்னும் அந்த வாசல்லதான் நிக்கிறேன்."

"அங்கேயே நின்னு வேலையைப் பாருங்க," என்றார் பிலோமினா.