குரல் குடித்த கித்தார்

கடல்களுக்கு அப்பால், ராஜாக்களும் மந்திரவாதிகளும் ஒரே தெருவில் நடமாடிய காலத்தில், ஒரு மலைநாடு இருந்தது. அந்த நாட்டு ஜனங்களுக்கு ஃபிளமெங்கோ என்றால் உயிர். ஒருவர் தொண்டை கிழியப் பாடுவார், ஒருத்தி தரை அதிர ஆடுவாள், பின்னால் நாற்காலியில் ஒருவன் கித்தார் வாசிப்பான். அப்படிப் பின்னால் உட்கார்ந்தவன்தான் எலாதியோ.

சத்திரங்களில் வாசித்தான், கல்யாணங்களில் வாசித்தான், கடைசியில் அரண்மனையிலும் வாசித்தான். பாடுவது அவன் அக்கா ரொசால்பா. அவள் மூச்சு வாங்கும் இடத்தில் இவன் தந்தி காத்திருக்கும். கைதட்டல் முழுக்க அக்காவுக்கு. ஒருநாள் ராணி அவளைக் கட்டிக்கொண்டு பாராட்டிவிட்டு, இவனை வேலைக்காரன் என்று நினைத்து, "அந்த நாற்காலியை எடுத்துக்கொண்டு போ" என்றாள்.

அரண்மனை வாசலில் ஒரு மந்திரவாதி நின்றிருந்தான்.

"எல்லாரும் உன் வாசிப்பை மட்டுமே கேட்க வேண்டுமா?"

"வேண்டும்" என்றான் எலாதியோ. யோசிக்கவே இல்லை. மந்திரவாதி ஒற்றை விரலால் கித்தாரைத் தொட்டான்.

அடுத்த கச்சேரியில் கிழவர் பெனிதோ பாட வந்தார். எலாதியோவின் விரல்கள் நெருப்பாய்ப் பறந்தன. சபை எழுந்து நின்றது. கித்தார் பாடியது, பெனிதோ ஊமையானார். வயசாகிவிட்டது என்றார்கள். பிறகு இளம்பெண் காந்தேலா வந்தாள். கித்தார் பாடியது, காந்தேலா ஊமையானாள். எலாதியோவுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கைதட்டல் காதை விட்டுப் போகவில்லையே! 'அக்காவுக்கு ஒன்றும் ஆகாது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கித்தார் பாடியது, அக்காவும் ஊமையானாள்.

ஊரே அவனைக் கல்லால் அடித்தது. கித்தாரை நெருப்பில் போட்டான், எரியவில்லை. ஆற்றில் எறிந்தான், கரைக்கே வந்தது. மந்திரவாதியின் காலில் விழுந்தான்.

"கேட்டதைத்தானே கொடுத்தேன்?" என்று சிரித்தான் அவன். "குரலே இல்லாத ஒருத்திக்குப் பின்னால் வாசி. அதில் உனக்கென்று துளி ஆசையும் இருக்கக் கூடாது. மாயம் உடையும். ஆனால் உன்னால் ஆகாது!"

அக்கா எதிரே உட்கார்ந்து சத்தமின்றி வாயசைத்தாள். முதல் தரம், விரல்கள் தம் சாமர்த்தியத்தைக் காட்ட ஓடின. தந்தி அறுந்தது. இரண்டாம் தரம், அவள் மன்னித்துவிட வேண்டுமே என்று ஏங்கி வாசித்தான். அதுவும் ஆசைதான். தந்தி அறுந்தது.

"என்னால் ஆகாது அக்கா. நான் எங்கேயாவது போய்ச் செத்துப்போகிறேன்."

அவள் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். மறுபடி வாயசைத்தாள். இப்போது அவனிடம் நம்பிக்கை இல்லை, ஏக்கம் இல்லை, ஒன்றுமே மிச்சமில்லை. அவள் தொண்டை அசைவதை மட்டும் பார்த்தான். அது அசைந்தால் வாசித்தான், நின்றால் நின்றான்.

"மெதுவாக, தம்பி" என்றது ஒரு கரகரத்த குரல்.

மாயம் உடைந்தது! ஊரின் மறுகோடியில் காந்தேலாவும் வாய்விட்டு அலறினாள். மந்திரவாதி இருந்த இடத்தில் ஒரு பிடி சாம்பல்தான் கிடந்தது.

பெனிதோ மட்டும் போன குளிர்காலத்திலேயே, ஒரு வார்த்தை பேசாமல் செத்துப்போயிருந்தார்.

எலாதியோ அவர் வீட்டுக்குப் போனான். அவர் மனைவி வெகுநேரம் அவனை வாசலிலேயே நிற்க வைத்தாள். பிறகு கதவைத் திறந்தாள்.

"அவர் பாட்டு ஒன்று எனக்குத் தெரியும். எனக்குச் சுருதி சேராது" என்றாள். "வாசிக்கிறாயா?"

அவள் பாடினாள். சுருதி எங்கெங்கோ போனது. அது போன இடத்துக்கெல்லாம் அவன் பின்னாலேயே போனான்.