கட் சொன்னதுக்கு அப்புறம்

மதனராஜ் இருபத்திரண்டு வருஷமா ஹீரோ. படத்துல நூறு பேர அடிச்சிருக்காரு, ரெண்டு தடவ செத்துக்கூட பாத்திருக்காரு. இப்பத்தான் மொத மொதல்ல டைரக்‌ஷன். பச்சப்புள்ளைய பறிகொடுத்த ஒரு தாயோட நாவல படிச்சுட்டு மூணு நாள் சாப்பிடலயாம். டயட்டுல இருந்தாருன்னும் சொல்றாங்க.

சாலிகிராமத்துல எடிட்டிங் ரூம். எடிட்டர் ரொக்கையா அவரவிட பதினஞ்சு வயசு சின்னவங்க. ஆனா அந்த ரூமுக்குள்ள அவங்கதான் வாத்தியார். அவரே அப்படித்தான் கூப்பிடுவாரு.

"வாத்தியாரே, புள்ள செத்த சீன் ஏன் மனசுல ஒட்டவே மாட்டேங்குது? பதினேழு டேக் எடுத்தேன். இது விழுந்தா படமே விழுந்துச்சு."

"பதினேழுலயும் அழறது நீங்கதான் சார்."

"நானா? நடிச்சது குணவதிம்மா."

"மூக்க உறிஞ்சிட்டு வானத்த பாக்கறது யாரு பழக்கம்?"

அவரு மூக்க உறிஞ்சப் போயி நிறுத்திக்கிட்டாரு.

"நடிச்சுக் காட்டினாத்தானே அவங்களுக்குப் புரியும்?"

ரொக்கையா கடைசி டேக்க ஓட்டினாங்க. ஸ்பீக்கர்ல அவரு குரல், "கட்". எப்பவும் அதோட நிறுத்திடுவாங்க. அன்னிக்கு நிறுத்தல.

கேமராவும் மைக்கும் ஓடிக்கிட்டே இருந்திருக்கு. குணவதி கண்ணத் தொடச்சிட்டு, செத்த புள்ளைன்னு வெச்சிருந்த பொம்மைய அசிஸ்டென்ட் பொண்ணுகிட்ட குடுக்கறாங்க. குடுக்கறப்ப ஒரு கை பொம்மையோட பிடரிக்கு அடியில இருக்கு.

"கழுத்து நிக்காதும்மா. பாத்துப் புடி."

மதனராஜ் அந்த எடத்த மறுபடி ஓட்டச் சொன்னாரு.

"இத யாரு சொல்லிக் குடுத்தா அவங்களுக்கு?"

"அவங்க பொண்ணு. பதினோரு நாள்தான் உசிரோட இருந்துச்சாம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல அவங்க?"

"எப்பச் சொல்லுவாங்க? நீங்கதான் அழுது காட்டிக்கிட்டு இருந்தீங்களே."

அவரு போன எடுத்தாரு.

"இந்த ஷாட்ட வெச்சுக்கலாமான்னு ஒரு வார்த்த கேட்டுடறேன்."

ரொக்கையா போன வாங்கி மேசைமேல கவுத்து வெச்சாங்க.

"பச்சப்புள்ள போனா காரியம் கெடையாது சார். துக்கம் விசாரிக்கவும் யாரும் வரமாட்டாங்க. பத்தொம்பது வருஷமாச்சு. மொதல்ல அதுக்குப் போங்க."