கோதாவரிக்குப் போக ஒரு பேட்டரி

"எந்த பேட்டரி போட்டாலும் செத்துப்போவுதுங்கம்மா. நல்லதா ஒண்ணு நீங்களே சொல்லுங்க" என்றார் அர்த்தநாரி.

குழந்தையம்மை புளியிலிருந்து கொட்டையை எடுத்துக்கொண்டிருந்தார். கை பாட்டுக்கு வேலை செய்ய, நிமிர்ந்து பார்த்தார்.

கொல்லிமலை அடிவாரத்தில் இருந்த அம்மையின் குடிலுக்குப் பிள்ளை வரம் கேட்டு வந்தவர்கள் உண்டு. முக்தி கேட்டு வந்தவர்களும் உண்டு. பேட்டரி கேட்டு வந்த முதல் ஆள் அர்த்தநாரிதான்.

"எதுக்குங்கண்ணா பேட்டரி?"

"வேனுக்குங்க."

"வேன் ஓடலையா?"

"வேன் நல்லா ஓடுதுங்க. வேனுக்குள்ள இருக்கற வீடுதான் ஓட மாட்டேங்குது."

அம்மை சிரித்துக்கொண்டே எதிரில் இருந்த பாயைக் காட்டினார். அர்த்தநாரி உட்கார்ந்தார்.

அவர் உட்கார்ந்ததே அதிசயம். அம்மையைவிட இருபது வயது மூத்தவர் என்றாலும் அம்மைக்குச் சீடர் என்று சொல்லிக்கொள்பவர். ஆனால் அமாவாசை அன்று வருவார், அரிசி மூட்டையை இறக்குவார், விழுந்து கும்பிடுவார், போய்விடுவார். இருந்து ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. குருவையே லோடு இறக்குகிற இடமாக வைத்திருக்கிறார் என்று மற்ற சீடர்கள் கேலி பேசுவார்கள்.

நாமக்கல் பக்கத்தில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை அவருடையது. அதற்கு முன்னால் வெகுகாலம் வடக்கே லாரி ஓட்டியவர். வீட்டில் இருந்ததைவிட ரோட்டில் இருந்ததுதான் அதிகம். வீட்டுக்கு வந்தால் வெறுங்கையோடு வர மாட்டார். நாக்பூர் ஆரஞ்சு கூடை கூடையாக இறங்கும், தெருவே தின்னும். விடிந்தால் ஆள் இருக்க மாட்டார்.

வரும்போதெல்லாம் மனைவி பாவாயிக்குக் கதை சொல்வார். கோதாவரிப் பாலத்தின் கதைதான் அவளுக்குப் பிடித்தது. மேலே லாரி போகும், கீழே ரயில் போகும், அதற்கும் கீழே கரை தெரியாமல் தண்ணீர் போகும் என்பார். ஒரு நாள் கூட்டிப் போகிறேன் என்றும் சொல்வார். அந்த ஒரு நாள் வரவேயில்லை.

போன வருஷம் பாவாயிக்கு நோய் வந்தது. தூங்கினால் மூச்சு அடைத்துக்கொள்ளும். மூக்கில் ஒரு மூடியை மாட்டி, குழாய் வழியாகக் காற்றைத் தள்ளும் சின்ன மெஷின் ஒன்று விடிய விடிய ஓட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அர்த்தநாரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்றைக்கே பட்டறை வேலையெல்லாம் ஒதுங்கியது. பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, குட்டி ஃபிரிட்ஜ், ஃபேன், மெஷினுக்கு ஒரு பிளக் என்று இரவு பகலாக நின்று கட்டினார். வேனுக்குள் ஒரு வீடு. அதில்தான் அவளைக் கோதாவரிக்குக் கூட்டிப் போவது என்று முடிவு.

போனார்கள். நெல்லூரைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திப் படுத்த இரவில், மெஷின் நின்றுவிட்டது. பாவாயி மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தாள். விடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். பாலம் எங்கேயும் போய்விடாது, வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவர் எத்தனை கேட்டும் அவள் வரச் சம்மதிக்கவில்லை. வேனுக்குள் ஏறவே இல்லை. இன்றைக்கு அம்மையைப் பார்க்க என்றதால் ஏறினாள். இப்போது அவர்கள் பேசிக்கொண்டிருந்த கொட்டகையின் மறுபக்கத்தில், சாய்வு நாற்காலியில் ஃபேனுக்கு அடியில் கண்ணயர்ந்திருந்தாள். சாய்ந்த வாக்கில் தூங்கினால் அவ்வளவாக அடைக்காது, கொஞ்ச நேரம் தூங்கலாம், ஆனால் பக்கத்தில் ஆள் இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"என்ன பேட்டரி போட்டிருந்தீங்க?" என்று அம்மை கேட்டார்.

"லாரி பேட்டரிங்க. இருபது டன்னு வண்டியையே உசுப்பி விடற சாமான். இத்தனூண்டு மெஷினு, அதை ஓட்டாதுங்களா?"

"ஓட்டுச்சா?"

"கொஞ்ச நாள் ஓட்டுச்சு. அப்புறம் செத்துப்போச்சு. அதைவிடப் பெருசு போட்டேன். அதுவும் செத்துப்போச்சு. இப்ப இருக்கறதுலயே பெருசு போட்டிருக்கேன். நேத்து ராத்திரி வீட்டு வாசல்ல நிறுத்தி ஃபேனையும் ஃபிரிட்ஜையும் ஓட்டிப் பாத்தேன். கோழி கூவறதுக்குள்ள அதும் படுத்துக்கிச்சு."

"கடையில கேக்கலையா?"

கேட்டிருந்தார். சேலத்தில் ஒரு பேட்டரிக் கடைக்காரர் இரண்டு வகையைக் காட்டினார். ஒன்று டியூபுலர். கனமானது, அவ்வப்போது திறந்து பார்த்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும், பாடிக்கு வெளியே காற்றாடப் பெட்டி கட்டி வைக்க வேண்டும். இன்னொன்று லித்தியம். எடை கம்மி, விலை கூட, தண்ணீர் வேலை கிடையாது. வேனுக்குள் குடியிருப்பவர்கள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் போடுவார்கள் என்றார்.

இது லாரியை ஸ்டார்ட் பண்ணுமா என்று அர்த்தநாரி கேட்டார். அதற்கான பேட்டரி இது இல்லை என்றார் கடைக்காரர். லாரியை உசுப்பத் தெம்பில்லாதது என் பெண்டாட்டியைக் காப்பாற்றுமா, ஆனைப் பசிக்குச் சோளப்பொரியா என்று சத்தம் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

அம்மை புளியங்கொட்டைகளை ஒரு பக்கமாகத் தள்ளினார்.

"அக்காவுக்கு அந்த மூடியை ராத்திரி யாரு மாட்டி விடறது?"

"அவளே மாட்டிக்குவாளுங்க."

"கழண்டுக்கிச்சுன்னா?"

"தெரியலீங்க. நான் படுத்தா கட்டைங்க."

அம்மை விரலில் ஒட்டிய புளியைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தலைக்கு மேலே ஃபேன் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. சித்திரை மாதத்து நடுப்பகல். கொட்டகைக்குள் புழுக்கம் மெல்ல ஏறியது. நாற்காலியில் பாவாயி முகத்தைச் சுளித்தாள்.

அம்மை எழுந்து போய்க் கூரையில் செருகியிருந்த பனையோலை விசிறியை எடுத்து வந்து அர்த்தநாரியின் கையில் கொடுத்தார்.

"அக்கா எந்திரிக்கற வரைக்கும் வீசுங்க."

"பேட்டரிங்க?"

"அவங்க எந்திரிக்கட்டும்."

புளிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மை வெளியே போய்விட்டார்.

அர்த்தநாரி முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். விசிறிதானே என்று நினைத்தார். லாரிச் சக்கரத்தைத் தனியாகக் கழற்றி மாட்டிய கை அது.

தோளிலிருந்து வீசினார். காற்று குப்பென்று அடித்தது. பாவாயியின் முந்தானை பறந்தது, முடி முகத்தில் வந்து விழுந்தது. அவள் தூக்கத்திலேயே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். காற்று போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் பலமாக வீசினார்.

கொஞ்ச நேரத்தில் தோள் கடுத்தது. கை மாற்றினார். இடது கை அதைவிடச் சீக்கிரம் கடுத்தது. விசிறியை மடியில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

அவர் நிறுத்தியதும் பாவாயியின் நெற்றியில் வேர்வை அரும்பியது. தொண்டையில் ஒரு கரகரப்பு. பிறகு மூச்சு நின்றது.

மடியில் இருந்த விசிறி கீழே விழ, அர்த்தநாரி எழுந்தார். எழுப்பலாம் என்று கையை நீட்டுவதற்குள் மூச்சு திரும்பி வந்தது. அவசரமாக விசிறியை எடுத்து மறுபடியும் வேகமாக வீசினார். மறுபடியும் தோள் கடுத்தது. மறுபடியும் நிறுத்த வேண்டியிருந்தது.

இப்படியே போனால் அவள் எழுந்திருக்கும்வரை தன் கை தாங்காது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. இந்த வயதில் ஒரு ஓலை விசிறியிடம் தோற்றுப்போவதை நினைக்க அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதால் கொஞ்சம் அழவும் செய்தார்.

பிறகு முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டார். மணிக்கட்டை மட்டும் அசைத்தார். காற்று வந்ததா வராததா என்றே தெரியவில்லை. ஆனால் அவள் நெற்றி மயிர் ஒன்று லேசாக அசைந்தது. அவள் மூச்சு உள்ளே போனபோது விசிறி அந்தப் பக்கம் போனது. மூச்சு வெளியே வந்தபோது இந்தப் பக்கம் வந்தது. கை கடுக்கவில்லை.

முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருந்தவள் இந்தப் பக்கம் திருப்பினாள்.

அப்போதுதான் பார்த்தார். அவள் கன்னத்தில், காதுக்குப் பக்கத்திலிருந்து வாய் ஓரம் வரைக்கும், மூடியின் வார் அழுந்தி அழுந்திக் கறுத்த தடம் இருந்தது. இரண்டு கன்னத்திலும் இருந்தது. எத்தனை நாளாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, அவள் மேல் பொங்கிக்கொண்டு வந்த பிரியத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. விசிறியில்தான் வைக்க முடிந்தது.

வெயில் சாய்ந்தது. அம்மை உப்பு எடுக்க உள்ளே வந்தார்.

"கரண்ட் எப்பங்கம்மா வரும்?" என்று தணிந்த குரலில் கேட்டார் அர்த்தநாரி.

"வராட்டி?"

அர்த்தநாரி யோசித்துப் பார்த்தார். வராவிட்டாலும் ஒன்றும் இல்லை. பொழுது சாயும்வரை வீசலாம், அதற்கு மேலும் வீசலாம்.

அம்மை உப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சேலத்துக் கடைக்காரர் வாசல்வரை வந்து சொன்னது அவருக்கு இப்போதுதான் காதில் விழுந்தது. லாரி பேட்டரி ஒரு நொடியில் மொத்தத்தையும் கொடுத்துவிடும், இஞ்சின் ஓடியதும் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளும், அதன் பிழைப்பு அப்படி. இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு என்றால் அதால் முடியாது. நான் காட்டிய இந்த இரண்டும் அதிலிருந்து வேறு ஜாதி. உசுப்பத் தெரியாது, ஆனால் விடியும்வரை கொடுக்கும்.

அன்றைக்கு அந்த மனிதரை ஏசியதை நினைத்துக்கொண்டார். டியூபுலரா லித்தியமா என்பதை நாளைக்கு அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கேட்க வேண்டும். தண்ணீர் பார்த்து ஊற்ற வேண்டியதாக இருந்தால்தான் என்ன, ஊற்றினால் போயிற்று.

இப்போதைக்கு மணிக்கட்டு நிற்கக் கூடாது.

பாவாயி கண் விழித்தபோது நிழல் கொட்டகைக்குள் நீண்டிருந்தது. உடனே எழவில்லை. மேலே நின்றிருந்த ஃபேனைப் பார்த்தாள். பிறகு விசிறியைப் பார்த்தாள்.

"கரண்ட் போயிருச்சுங்களா?"

"அப்பவே போச்சு."

"வீட்டுல கூட இப்படித் தூங்குனதில்லீங்க" என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "மொதல்ல நீங்க வீசுனீங்க. அது தெரிஞ்சுது."

"ஆமா."

"அப்புறம் வந்து வீசுனது யாருங்க? அந்தம்மாளா?"

அர்த்தநாரியின் கை இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

"நாந்தான் புள்ள."

பாவாயி அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்படீன்னா பாலம் பாக்கப் போலாமுங்க" என்றாள்.